‘சார்ட்’, ‘ஸ்கோர்ச்ட்’: இரண்டும் கருகியவையா?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். தீப்பிடித்த ஒரு வீட்டைப் பற்றிய ஆங்கில அறிக்கையை நட்டஈட்டு விண்ணப்பத்துக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். விறாந்தையின் கூரையைத் தாங்கும் முதிரை மர வளைகள் ‘சார்ட்’ (charred) என்றும், சுவர்ப் பூச்சு ‘ஸ்கோர்ச்ட்’ (scorched) என்றும் அதில் உள்ளன. என் அகராதி இரண்டுக்கும் ‘கருகிய’ என்றே பொருள் தருகிறது. அப்படியே எழுதினால் வீட்டுக்கார அம்மாவின் இழப்புப் பிழையாக மதிக்கப்படுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி (மாங்குளம்):
தம்பி, உங்கள் அச்சம் நியாயமானது. ‘சார்’ என்ற வினை, மரக்கரியைக் குறிக்கும் ‘சார்க்கோல்’ என்ற பழைய சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் பிரிந்து வந்தது. ஆகவே முழுவதும் சாம்பலாகாமல் மேற்புறம் கரியாகிப்போன நிலையையே அது சொல்கிறது. ‘ஸ்கோர்ச்’ அவ்வளவு ஆழம் போகாது. வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் அயன்பெட்டி சற்று நேரம் கூடுதலாக நின்றுவிட்டால் விழும் மஞ்சட்பழுப்புத் தடம் இருக்கிறதே, துணி ஓட்டையாகாமல் நிறம் மட்டும் கெடும் அந்த நிலைதான் அது. கடும் வெயிலில் இலை கருகுவதற்கும் ஆங்கிலத்தில் அதையே சொல்வார்கள். நம்முடைய ‘கருகு’ இவை அனைத்தையும் தாங்கும் சொல் என்பதால், இங்கே ‘மேற்புறம் கரியாகிய வளைகள்’ என்றும் ‘வெக்கையால் நிறம் மாறிய பூச்சு’ என்றும் விரித்து எழுதுவதே நல்லது.

மறுமொழி (முல்லைத்தீவு):
நான் மரவேலை செய்பவன். ஏறக்குறைய 300 பாகை செல்சியசில் மரம் கரியாகத் தொடங்கும். அந்தக் கரிப் படையே வெக்கை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், வெளியே கன்னங்கரேலென்று தெரியும் வளையை உளியால் சுரண்டினால் உள்ளே நல்ல மரம் இருக்கக்கூடும். எனவே ‘எரிந்துபோன வளைகள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கரி எவ்வளவு ஆழம் என்று அறிக்கையில் இருந்தால், அந்த அளவை விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆழமும் குறிக்கப்பட்டிருக்கிறது, சேர்த்துவிட்டேன். குசினியைப் பற்றி மட்டும் ‘கட்டெட்’ (gutted) என்று ஒரு சொல் உள்ளது.

மறுமொழி (முல்லைத்தீவு):
மீனின் குடலை எடுத்துத் துப்புரவாக்குவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். வெளிக்கூடு நிற்க, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று பொருள். ‘குசினி எரிந்து நாசமானது’ என்றால் சுவரும் விழுந்ததாக எண்ணுவார்கள். ‘சுவர்கள் நிற்க, குசினியின் உட்பகுதி முழுவதும் எரிந்துபோனது’ என்று எழுதுங்கள்.