பிரபுவின் பி.ஆர். (ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை): முதலாளி பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பிரபு (டூவூம்பா, ஆஸ்திரேலியா): விமலா அக்கா, ஒன்று கேட்கணும். அப்பாவும் தெரிந்துகொள்ளட்டும் என்று குரூப்பிலேயே போடுகிறேன். போன மாதத்தோடு இந்த ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ரெண்டு வருடம் முடிந்தது, பி.ஆர். தரும் 186 விசாவுக்கு நாமினேஷன் (இந்த வேலைக்கு இவன் வேண்டும் என்று அரசாங்கத்திடம் முதலாளி போடும் மனு) போட முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் லெவி, வக்கீல் செலவு, அவருடைய சிரமம் எல்லாம் சேர்த்து 8,000 டாலர் நான் கொடுக்கணுமாம். கையில் இல்லை என்றால் வாரா வாரம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வாராம்.

ராசு சித்தப்பா (பிரபுவின் அப்பா): நம்ம ரூபாயில் நாலு லட்சத்துக்கு மேல் வருது. அம்மா நகையை சொசைட்டியில் வைத்தால் கிடைத்துவிடும். காரியம் ஆனால் போதும் சாமி.

விமலா (மெல்பர்ன்): சித்தப்பா, நகையை எடுக்காதீங்க. பிரபு, நீ அவருக்கு இன்னும் எதுவும் கொடுக்கவில்லையே?

பிரபு: இல்லைக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விமலா: நல்லது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாதே, "கொடுக்கிறேன்" என்று மெசேஜில்கூட எழுதாதே. ஸ்பான்சர் செய்ய பணம் கேட்பதும் வாங்குவதும் ஆஸ்திரேலியாவில் 2015 டிசம்பர் 14 முதல் குற்றம், கேட்டவருக்கு ரெண்டு வருடம் வரை ஜெயில் உண்டு. கொடுப்பவனுக்கும், கொடுக்கிறேன் என்று சொல்பவனுக்கும் அபராதம் இருக்கிறது, விசாவையே ரத்து செய்யலாம். பணத்தையும் கொடுத்துவிட்டு விசாவையும் தொலைத்தால் யாரிடம் போய் நிற்பாய்?

முருகேசன் மாமா: விமலா, சட்டம் அப்படித்தான் சொல்லும். கோயமுத்தூர் ஏஜென்ட் ஒருத்தர் எனக்குத் தெரிந்தவர், எல்லாருமே கொடுத்துத்தான் வாங்குகிறார்கள் என்கிறார். முதலாளியைப் பகைத்துக்கொண்டால் ரெண்டு வருட உழைப்பும் வீணாகிவிடாதா?

விமலா: அந்தப் பயத்தை வைத்துத்தான் மாமா பணம் பிடுங்குகிறார்கள். முன்னாடி அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது, நான் 186 வாங்கிய காலத்தில் நாமினேஷன் போடுகிற அதே முதலாளியிடம்தான் மூன்று வருடத்தையும் ஓட்டணும், நடுவில் மாறினால் எண்ணிக்கை முதலிலிருந்து. 2023 நவம்பரில் அதை ரெண்டு வருடமாகக் குறைத்தார்கள். 2024 டிசம்பர் 7 முதல், அங்கீகாரம் உள்ள எந்த ஸ்பான்சரிடம் செய்த வேலையும் அந்த ரெண்டு வருடத்தில் சேரும். இவன் ரெண்டு வருடம் டீசல் மெக்கானிக்காக வேலை செய்தது இவன் கணக்கு, அதை அந்த மனுஷன் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வேறொரு ஒர்க்‌ஷாப் இதே வேலைக்கு நாமினேஷன் போட்டால் அங்கிருந்தே 186 கேட்கலாம்.

பிரபு: வேலையை விட்டால் 60 நாளில் நாட்டை விட்டுப் போகணும் என்று அவர் சொன்னாரே அக்கா?

விமலா: அது பழைய விதி. 2024 ஜூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதும் சேர்த்து 365 நாள். அந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலையும் செய்யலாம். ஆனால் ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிவிடாதே, புது ஸ்பான்சர் கையெழுத்துப் போட்ட பிறகு கிளம்பு. லாரி, டிராக்டர் என்று உன் கை படாத வண்டி இல்லை, அங்கே சுற்றிலும் பண்ணைகள்தானே, விசாரித்துப் பார்.

ராசு சித்தப்பா: அந்த லெவி என்பது என்ன கண்ணு? அதையாவது நாம் கட்டணுமா?

விமலா: இல்லைங்க சித்தப்பா. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் அது, உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுக்கப் போகிறது. வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்குக் கீழே வியாபாரம் என்றால் 186-க்கு 3,000 டாலர், அதற்கு மேல் என்றால் 5,000. தொழிலாளி தலையில் அதைக் கட்டவே கூடாது, நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. பிரபு கட்டவேண்டியது அவன் விசாக் கட்டணம், அவன் தரப்பு ஏஜென்ட், மெடிக்கல், போலீஸ் சான்றிதழ், ஐ.இ.எல்.டி.எஸ்., அவ்வளவுதான். அதற்கே நல்ல செலவு இருக்கிறது, நகையை அதற்கு வைக்கணும் என்றால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தச் சம்பளப் பிடித்தம் இருக்கிறதே, எனக்கு அதுதான் ரொம்பக் கோபம். நாமினேஷனில் ஒரு சம்பளம் எழுதி, கையில் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் பே ஸ்லிப்பும் வங்கிக் கணக்கும் பொருந்தாது, நாளைக்குக் குடியேற்ற இலாகாவில் கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டியது நீ. நாமினேஷன் விழுந்தால் உன் விசாவும் சேர்ந்து விழும். ரெண்டு வருடத்து பே ஸ்லிப், வரி, சூப்பர் (ஓய்வுக்கால சேமிப்பு) கணக்கு எல்லாவற்றையும் இன்றைக்கே சேர்த்து வை, அவர் பணம் கேட்ட மெசேஜ்களையும் அழிக்காதே.

முருகேசன் மாமா: சரி, நேராகப் போய் "கொடுக்க மாட்டேன், சட்டம் இருக்கிறது" என்று இவன் சொன்னால் அவர் சும்மா விடுவாரா?

விமலா: விசாவைக் காட்டி மிரட்டுவதும் 2024 ஜூலையிலிருந்து குற்றம்தான் மாமா. ஆனால் முதலில் சண்டைக்குப் போகவேண்டாம். பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டிடம் பேசட்டும், பதிவு எண் உண்மைதானா என்று ஏஜென்டுகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகமான ஓ.எம்.ஏ.ஆர்.ஏ. தளத்தில் பார்த்துவிட்டுப் பேசட்டும். கோயமுத்தூர்க்காரர் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீங்க. "லெவியை நான் கட்டினால் உங்கள் ஸ்பான்சர் அங்கீகாரத்துக்குத்தான் ஆபத்து" என்று ஏஜென்ட் வழியாகச் சொன்னாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுகிறார்கள். நல்ல மெக்கானிக் போய்விட்டால் அவருக்கும் நஷ்டம்தானே.

கவிதா (பிரபுவின் மனைவி): நங்கையா, என்னையும் பாப்பாவையும் இதிலேயே சேர்க்க முடியுங்களா? நான் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதவில்லை.

விமலா: ரெண்டு பேரையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம் கவிதா. பிரபுவுக்குத்தான் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நாலு பிரிவிலும் 6 வேண்டும். நீ பி.இ. படித்தது ஆங்கிலத்தில்தான் என்று கல்லூரியில் எழுதி வாங்கிவிட்டால் போதும், அது இல்லை என்றால் பெரிய தொகை ஒன்று கூடுதலாகக் கட்டணும்.

ராசு சித்தப்பா: சித்திரையில் நோம்பிக்கு இவன் வந்து போனால் ஏதும் பிரச்சினை ஆகுமா?

விமலா: இப்போது அவன் வேலை செய்கிற தற்காலிக விசா, அந்த 482 உயிரோடு இருக்கும்வரை வரலாம் சித்தப்பா. அது முடிந்து, 186 முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் ஏ விசாவில் ஓடும்போதுதான் கிளம்பக் கூடாது, முதலில் வெளியே போய்த் திரும்பிவர அனுமதிக்கும் பிரிட்ஜிங் பி வாங்கணும். பிரபு, உன் 482 எதுவரைக்கும்?

பிரபு: அடுத்த வருடம் வரை இருக்குதுக்கா. ஏஜென்டுக்கு இன்றைக்கே போன் போடுகிறேன். பக்கத்து ஊரில் டிராக்டர் டீலர் ஒருத்தர் போன மாதமே கூப்பிட்டார், அவர் ஸ்பான்சர்தானா என்று கேட்கிறேன்.

கவிதா: நான் திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய் அந்தச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கிறேன். பாப்பாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை, அதற்கும் அப்ளை செய்துவிடுகிறேன்.