நிலா அரங்கேற்றம்: குடும்பக் குழு

அம்மா: தலைமை விருந்தினர் ஆறரைக்குத்தான் வருவாராம். பத்திரிகையில் ஆறு மணி என்று போட்டாகிவிட்டது. நடுவில் அரை மணி நேரம் கூட்டத்தை எப்படி உட்கார வைப்பது?

முத்து மாமா: போண்டா, காபி.

மாலதி அத்தை: பட்டுப்புடவையில் எண்ணெய் படும்.

சேகர் மாமா: கீதா, 'பாலா' போடலாம். 33 நிமிடம்தான்.

முத்து மாமா: டைரக்டர் பாலாவா? வந்தவர்களை அழவைத்து அனுப்பவா?

சேகர் மாமா: பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ஆவணப்படம். தமிழ்நாடு அரசும் மும்பையில் இருக்கும் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தது. ராய் 1935-இல் கல்கத்தாவில் அவர் ஆட்டத்தைப் பார்த்தபோது பதினான்கு வயதுப் பையன். படம் எடுக்கும்போது பாலம்மாவுக்கு 58.

முத்து மாமா: சரி.

சேகர் மாமா: சொல்லி முடிக்கவில்லை. மண்டபத்தில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்குக் கண்ணும் புருவமும் தெரியாது. அபிநயம் அங்கேதானே நடக்கிறது? படத்தில் ஒரு ராகமாலிகைப் பதவர்ணம் வருகிறது, பல ராகங்களில் அமைந்த நீண்ட ஆட்ட உருப்படி. பாட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் வேறு பாவம் காட்டுவார். அதைப் பக்கத்தில் பார்த்தவர்கள், நிலா வர்ணம் ஆடும்போது "ஏன் பாடினதையே பாடுகிறார்கள்" என்று கேட்கமாட்டார்கள்.

முத்து மாமா: போன வருஷம் நான் கேட்டது.

சேகர் மாமா: அதனால்தான் சொல்கிறேன்.

ராஜி பெரியம்மா: கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுவாரே, அந்தப் படமா? எனக்கு அந்த இடம் ஒட்டவே இல்லை. யசோதை பிள்ளையைக் கூப்பிடுவது வீட்டு வாசலில். சமுத்திரத்திலா? காற்று வேறு புடவையை இழுக்கிறது. கண் முகத்தில் நிற்காமல் அலைக்குப் போகிறது.

சேகர் மாமா: அக்கா, எடுத்தது ராய்.

ராஜி பெரியம்மா: ஆடியது பாலம்மா. இடம் அவருக்குத்தானே பொருந்த வேண்டும்?

சேகர் மாமா: ஏழு வயதில் காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் அரங்கேற்றம். அந்தச் சலங்கையையே இந்தப் படத்திலும் கட்டியிருக்கிறார்.

ராஜி பெரியம்மா: எனக்கும் சலங்கை வாங்கினார்கள். அப்பா அதே வாரம் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீயும் கூடப் போனாய்.

சேகர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலதி அத்தை: மாயவரத்திலிருந்து வேன் எத்தனை மணிக்கு?

முத்து மாமா: பன்னிரண்டு.

சேகர் மாமா: அக்கா, நான் அப்போது சின்னப் பையன்.

ராஜி பெரியம்மா: உன்னைச் சொல்லவில்லை. பாலம்மா குடும்பத்தைப் போன்ற வீட்டுப் பெண்கள் காப்பாற்றி வைத்த ஆட்டம் இது. அவர்களை ஊர் ஏசியது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டமும் 1947-இல் வந்தது. நம் வீட்டில் "அது நமக்கு எதற்கு" என்றார்கள். இன்று நாம் மண்டபம் பிடித்துப் பத்திரிகை அடிக்கிறோம். படம் போடுவதானால் இதையும் யாராவது மைக்கில் சொல்ல வேண்டும்.

அம்மா: நீங்களே சொல்லுங்கள் அக்கா.

ராஜி பெரியம்மா: பார்க்கலாம்.

நிலா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். பெரியம்மா, டீச்சர் எனக்குக் காட்டியதே அந்தக் கடற்கரைப் பகுதிதான். கூப்பிடும் கை ஒவ்வொரு தடவையும் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொன்னார். நான் அதை அப்படியே ஆடிக் காட்டினேன், நல்ல திட்டு விழுந்தது. படத்தில் பாவத்தைப் பார்த்துக்கொள், முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியை என் எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொள் என்றார்.

ராஜி பெரியம்மா: உன் டீச்சர் கெட்டிக்காரி.

நான்: மண்டபத்தில் ப்ரொஜெக்டர் இருக்கிறதா?

அம்மா: மேனேஜர் நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். முழுவதும் வேண்டாம் அண்ணா, வர்ணம் மட்டும் போடலாமா?

சேகர் மாமா: துண்டு போடக்கூடாது. நான் பென் டிரைவ் கொண்டு வருகிறேன்.

ராஜி பெரியம்மா: கடலை வெட்டிவிடு.

முத்து மாமா: போண்டா உண்டா இல்லையா?

அம்மா: மாலதி அண்ணி சொல்லட்டும்.

மாலதி அத்தை: இட்லி. வேன் பன்னிரண்டு என்றால் அங்கே வந்து எப்போது புடவை மாற்றுவது? பதினொன்றரைக்கு வரச் சொல்லுங்கள்.