கவர் இல்லாமல் கையெழுத்துக் கடிதம்: மடிப்பும் அரக்கு முத்திரையும் வேலூர் வெயிலில் நிற்குமா?

பாலாற்றங்கரை:

வணக்கம். சித்திரையில் ஒரு புதுமனை புகுவிழா. 60 பேருக்குக் கையால் எழுதிய கடிதம் தபாலில் போக வேண்டும். கவர் வேண்டாம், பழைய முறைப்படி தாளையே மடித்து மேலே முத்திரை வைக்கலாம் என்று முடிவு. ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம். முத்திரை 20 மி.மீ. பித்தளை.

சிவப்பு மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி நாலு கடிதம் சோதித்ததில் மூன்று கோளாறு. தாளின் உள்பக்கம் பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி எண்ணெய்த் திட்டு. மதியம் இரண்டு மணி நேரம் வண்டிப் பெட்டியில் இருந்ததும் முத்திரையில் எழுத்து மழுங்கிவிட்டது. ஒன்று தட்டையாக முழுசாகப் பெயர்ந்தே வந்தது. முத்திரை போனதும் மடிப்பும் வாய் பிளக்கிறது. எதை மாற்றணும்: தாளையா, மடிப்பையா, மெழுகையா?

மடிப்புக்காரர்:

முதலில் மடிப்பு. முத்திரை பெயர்ந்தாலும் கடிதம் திறக்கக் கூடாது. உங்கள் மடிப்பு முழுக்க மெழுகை நம்பி நிற்கிறது, அதனால்தான் வாய் பிளக்கிறது. நுனியை உள்ளே செருகும் மடிப்பு போடுங்கள்.

அளவு சொல்கிறேன். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. எழுதிய பக்கம் மேலே, தாள் நெட்டுவாக்கில். இடது ஓரம் 35, வலது ஓரம் 35 மி.மீ. உள்ளே மடியுங்கள். இப்போது 140 அகலத்தில் ஒரு பட்டை. கீழ்முனையிலிருந்து 80 மி.மீ. மேலே மடியுங்கள். இந்த 80 மி.மீ. பகுதிக்கு மேல்பக்கம் பார்த்த ஒரு வாய் இருக்கும்: முன்னால் தாள், பின்னால் இரண்டு பக்கமும் 35 மி.மீ. ஓரமடிப்பு. அதுதான் பை. மேலே மீதி 217. அதில் 110-ஐ விட்டுவிட்டு 107-ஐக் கீழே கொண்டுவந்து, நுனியை அந்த வாய்க்குள், முன்தாளுக்கும் ஓரமடிப்புக்கும் நடுவே செருகுங்கள். 77 மி.மீ. உள்ளே போய், அடிமடிப்புக்கு 3 மி.மீ. முன்னால் நிற்கும். கைக்கு வரும் பொட்டலம் 140 × 110. தபாலுக்கு ரொம்பச் சின்னதாக இருக்கக் கூடாது என்பதால்தான் இந்த அளவு. அழகுக்காகச் சின்னதாக மடித்தால் கவுண்டரில் திருப்பிவிடக்கூடும்.

செருகும்போது இடிக்கும். 140 அகல நுனி 140 அகலப் பைக்குள் எப்படிப் போகும்? மேல் 107 மி.மீ. பகுதியில் மட்டும் ஓரமடிப்பை 35-இல் தொடங்கி நுனியில் 38 வரும்படி லேசாகச் சாய்த்து மடியுங்கள். நுனி 6 மி.மீ. ஒடுங்கி வழுக்கிக்கொண்டு போகும். கத்தரியால் வெட்டாதீர்கள், வெட்டிய விளிம்பு பைக்குள் மாட்டிச் சுருளும்.

மடிப்பை நகத்தால் இழுக்க வேண்டாம், பளபளவென்று கோடு விழும். எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதும். 80 ஜிஎஸ்எம் சரியான தாள். கையால் செய்த கெட்டித் தாள் பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் மடிப்பில் நார் வெடித்து வெள்ளையாகத் தெரியும், பொட்டலமும் உப்பும்.

ஒன்று மறந்தே போவார்கள். முத்திரை விழும் இடம் வாய்க்கோட்டின் நடுவில், மேல்விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே. பிரிக்கும்போது அங்கே தாள் கிழியும். ஒரு தாளை மடித்து அந்த இடத்தில் ஊசியால் குத்தி விரித்துப் பாருங்கள், துளை விழுந்த இடங்களைச் சுற்றி 4 செ.மீ. எழுதாமல் விடுங்கள். பழைய ஐரோப்பியக் கடிதங்களில் முத்திரையோடு வாக்கியமே போயிருப்பது சாதாரணம்.

கொம்பரக்கு:

இன்னா சார், மெழுகுவத்தியைப் போட்டுவிட்டு வேலூர் வெயிலைக் குறை சொன்னால் எப்படி? அக்னி நட்சத்திரத்தில் காற்றே 42 டிகிரியைத் தொடுகிற ஊர். வெயிலில் நிற்கும் இரும்புத் தபால்பெட்டிக்குள் அதைவிட அதிகம். மெழுகுவத்தி பாரஃபின் 50, 60 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகும். தேன்மெழுகு 62 முதல் 64. அரக்கு 75-க்கு மேல்தான் உருகும். எண்ணெய்த் திட்டுக்கும் பாரஃபின்தான் காரணம், அது தாளுக்குள் ஊறும். அரக்கு மேலேயே நின்று நாரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் 'வாக்ஸ்' என்று பேர் இருந்தாலும், 16-ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் ஐரோப்பாவின் நல்ல முத்திரை மெழுகு எல்லாம் இங்கிருந்து போன அரக்குதான். நம் நாட்டு மருந்துக் கடையில் இரண்டு வகை கிடைக்கும். குச்சியோடு ஒட்டியிருப்பது கொம்பரக்கு, அதில் பூச்சியும் பட்டையும் கலந்திருக்கும், இதற்கு ஆகாது. அவல் மாதிரி மெல்லிய தகடாக இருப்பது அவலரக்கு. அதை வாங்குங்கள்.

பழைய விகிதம்: அரக்கு 4 பங்கு, வெனிஸ் டர்பன்டைன் 1 பங்கு, சாதிலிங்கம் 3 பங்கு. சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்த சிவப்புப் பொடி, அதை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். காவிப்பொடியும் சாக்பொடியும் சரிபாதி போதும்; சாதிலிங்கத்தைவிட எடை குறைந்த பொடி என்பதால் 2 பங்கே போதும். 20 மி.மீ. முத்திரைக்குச் சிந்தல் சேர்த்து ஒன்றரை கிராம் ஆகும். 60 கடிதத்துக்கு 90 கிராம், வீணாவதற்கும் சேர்த்து 140 கிராம் செய்யுங்கள்: அவலரக்கு 80, டர்பன்டைன் 20, பொடி 40.

சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில், நேர் தீ இல்லாமல், தோசைக்கல் மேல் வைத்து உருக்குங்கள். அரக்கு இளகியதும் டர்பன்டைன், பிறகு சலித்த பொடி. நிறையப் பேர் தவறுவது இங்கேதான்: இன்னும் தண்ணியாக வரட்டும் என்று அடுப்பிலேயே விடுவார்கள். அரக்கை ரொம்ப நேரம் சூடாக்கினால் அது தனக்குள்ளேயே இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது. குழம்புப் பதம் வந்ததும் இறக்கி, எண்ணெய் தடவிய தகரத்தில் ஊற்றிப் பென்சில் கனத்துக்கு உருட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை_மதில்:

டர்பன்டைன் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்குமே, பெயின்ட்டில் கலப்பது. அதையே ஊற்றலாம்.

கொம்பரக்கு:

அதை மட்டும் ஊற்றாதீங்க தலைவரே! பெயின்ட் கடையில் இருப்பது தண்ணி மாதிரி எண்ணெய், சூட்டில் ஆவியாகித் தீப்பிடிக்கும். வெனிஸ் டர்பன்டைன் என்பது லார்ச் மரத்துப் பிசின், தேன்பாகு மாதிரி இருக்கும். அரக்கு வெடுக்கென்று உடையாமல் வளைந்துகொடுக்கத்தான் அது. கிடைக்காவிட்டால் பைன் மரப் பிசினைப் பொடித்து 15 கிராம், விளக்கெண்ணெய் 4, 5 கிராம் சேருங்கள். எண்ணெய் கூடினால் பிசுபிசுக்கும்.

இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் ஸ்டேஷனரி கடையில் சிவப்பு அரக்குக் குச்சி இருக்கிறது. வாக்குப்பெட்டிக்கும் கோர்ட் பார்சலுக்கும் வைப்பார்களே, அது. மலிவு, ஆனால் பிசினும் சாக்பொடியும் தூக்கல், தட்டினால் உதிரும். 10 பங்கு குச்சிக்கு 1 பங்கு தேன்மெழுகு சேர்த்து உருக்கினால் பரவாயில்லை.

ஊற்றும் முறை: குச்சியைத் தீக்குள் விடாதீர்கள். மெழுகுவத்தித் தீயில் கரி ஏறி அரக்கு கறுத்துவிடும். ஸ்பிரிட் விளக்கு இருந்தால் கரியே இல்லை. குச்சியின் நுனி தீக்கு மேல் 2 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும், உருகி முத்துப் போல் திரளும்போது தாளில் வைத்துச் சுழற்றுங்கள். குமிழி வந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பித்தளை முத்திரையை ஈரத்துணி மேல் வைத்துக் குளிர்வித்து, துடைத்து, அப்புறம் அழுத்துங்கள். 10 எண்ணும்வரை அசைக்காதீர்கள். சூடான பித்தளையோடு அரக்கு ஒட்டிக்கொண்டு வரும், நாலைந்து கடிதத்துக்கு ஒருமுறை குளிர்வித்தே ஆக வேண்டும்.

நூல்_தையல்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வெறும் அரக்கு வட்டம் தபாலில் போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. மூட்டையில் நசுங்கும், தபால் முத்திரை குத்தும் இடத்தில் அடிபடும், அரக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும். இதற்குப் பழைய வைத்தியம் தாள் போர்த்திய முத்திரை. 30 மி.மீ. சதுரத்தில் மெல்லிய வெள்ளைத் தாள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அரக்கு ஊற்றிய உடனே அந்தத் தாளை மேலே போட்டு, தாளின் மேல் முத்திரையை அழுத்துங்கள். எழுத்து தாளில் புடைப்பாக எழும்பும். அரக்கு இரண்டு தாளுக்கு நடுவே சிக்கிக்கொள்வதால் விரிசல் விட்டாலும் உதிராது. சிவப்பு பளபளப்பு தெரியாது என்பதுதான் குறை. 60 கடிதம் முழுசாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அரக்கே வேண்டாம் என்பவர்களுக்கு மைதா. மாவைக் கரைத்து மெல்லிய தகடாகச் சுட்டு, வட்டமாக வெட்டி, அதை நனைத்து வைத்து, மேலே தாள் போட்டு அழுத்துவது ஐரோப்பாவில் இருந்த வழக்கம். பைண்டிங் கடைப் பசையில் பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், குழந்தைகள் பிரிக்கும் கடிதத்தில் வேண்டாம். சோற்றுப் பருக்கை அவசரத்துக்குச் சரி, முத்திரைக்கு அடியில் வைத்தால் கட்டி தட்டும், கரப்பானும் தேடி வரும்.

முத்திரை வெட்டியது எப்படி என்று கேட்கவே இல்லையே? ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி எழுத்து மேடாக இருந்தால் அரக்கில் பள்ளமாக விழும், படிக்க முடியாது. எழுத்து குழிவாக, இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்க வேண்டும். சப்பாத்தி மாவில் அழுத்திப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். 20 மி.மீ. வட்டத்தில் தமிழ் எழுத்து ஒன்றோ இரண்டோதான் நிற்கும். ண, ஞ மாதிரி சுழி உள்ள எழுத்துகளில் அரக்கு அடைத்துக்கொள்ளும், புள்ளியைத் தனியாகத் துளை போட்டு ஆழப்படுத்தச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாவில் அழுத்திப் பார்த்தேன், குழிவு சரியாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவணும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள், அரக்குக்கு இடைஞ்சல் இல்லையே? மெழுகே இல்லாமல் தாளாலேயே பூட்டுவார்களாமே, அது முடியுமா?

மடிப்புக்காரர்:

மஞ்சள் கடைசி வேலை. முத்திரை வைத்து ஆறிய பிறகு, மூலையில் மட்டும் 1 செ.மீ. குழைத்த மஞ்சளாக இல்லாமல் விரல் ஈரத்தில் தொட்ட பொடி. குழைத்துத் தடவினால் தாள் நெளியும். முத்திரை விழும் இடத்தில் பொடி சிந்தினால் அரக்கு தாளைப் பிடிக்காது, பொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே எழும்பிவிடும்.

தாள் பூட்டு முடியும். லீகல் சைஸ் தாள் 216 × 356 மி.மீ. வாங்குங்கள். நெடும்பக்கத்தில் 6 மி.மீ. அகலப் பட்டை வெட்டினால் மீதி 210, நீளத்தில் 59 குறைத்தால் அதே ஏ4. பட்டையில் 150 மி.மீ. எடுத்து ஒரு நுனியைக் கூராக்குங்கள். கடிதத்தை மடித்துச் செருகிய பிறகு, வாய்க்கோட்டுக்கு 5 மி.மீ. கீழே நடுவில், பேனாக்கத்தியால் எல்லா மடிப்பையும் சேர்த்து 7 மி.மீ. கீறல். நடுவில் ஓரமடிப்பு இல்லாததால் மூன்று தாள்தான் குறுக்கே வரும். பட்டையை முன்பக்கமிருந்து விட்டுப் பின்பக்கம் இழுத்து, மேல்விளிம்பைச் சுற்றித் திரும்ப முன்னால் கொண்டுவந்து, இரண்டு முனையையும் ஒரே அரக்கு வட்டத்துக்குள் அடக்குங்கள். பட்டையை அறுக்காமல் பிரிக்க முடியாது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1587 பிப்ரவரி 8-இல், தலை வெட்டப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு எழுதிய கடிதம் இதே இனம்தான். அதில் பட்டையைத் தையல் மாதிரி பலமுறை கோத்திருக்கிறது. அந்த அளவுக்குப் போனால் 60 கடிதம் ஆடிக்குத்தான் முடியும்.

இந்தக் கலைக்கு 'லெட்டர்லாக்கிங்' என்று பேர் வைத்தவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பாதுகாப்பாளர் ஜானா டம்ப்ரோஜியோ. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஒரு பெட்டியில், பட்டுவாடா ஆகாத ஆயிரக்கணக்கான கடிதங்கள், அதில் 577 பிரிக்கப்படாமலே இருந்தன. 1697-இல் எழுதிய ஒன்றை எக்ஸ்-ரேயில் படமெடுத்துக் கணினியிலேயே மடிப்பைப் பிரித்துப் படித்ததாக 2021-இல் வெளியிட்டார்கள்.

கோட்டை_மதில்:

ஐரோப்பாவில் இவ்வளவு மடித்ததற்குக் காசும் ஒரு காரணம். 1840 வரை இங்கிலாந்தில் தாள் எண்ணிக்கைக்குத் தபால் கட்டணம், கவரும் ஒரு தாளாகக் கணக்கு. நம்ம ஊர் ஓலையை இப்படி மடிக்க முடியாது, சுருட்டி நூல் சுற்றுவதுதான் வழி. நவாப் காலத்துப் பாரசீக மடல்களில் பெரும்பாலும் மை முத்திரை, மடலைப் பட்டுப்பையில் போட்டு அனுப்புவார்கள். மடிப்பே கவராக இருக்கும் கடிதம் வேண்டுமென்றால் இன்லேண்ட் லெட்டரைப் பாருங்கள், அதே யோசனைதான்.

நூல்_தையல்:

அனுப்பும்போது பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்துக் கையால் தபால் முத்திரை குத்தச் சொல்லுங்கள். தாள் 5 கிராம், அரக்கு ஒன்றரை, ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்தும் 20 கிராமுக்கு வெகு கீழே. ஸ்டாம்பை முகவரிப் பக்கம் வலது மூலையில் ஒட்டுங்கள். பட்டை மேல்விளிம்பில் நடுவாகப் போவதால் இடிக்காது. 60-ஐயும் அடுக்கும்போது முத்திரை மேல் முத்திரை வராமல் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக அடுக்குங்கள்.