மாமாவோடு பார்த்த போர்ப் படங்கள்

பிடித்த ஆசியப் போர்ப் படங்கள் பற்றிய இந்த உரையாடலில் பலரும் படை, குதிரை, கோட்டை, கிராஃபிக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பிரம்மாண்டம் பிடிக்கும். ஆனால் காற்றும் தண்ணீரும் போரில் என்ன வேலை செய்கின்றன என்று ஒரு படம் காட்டிவிட்டால் அதுதான் என்னைக் கட்டிப்போடும். இதை எனக்கு விளங்கவைத்தவர் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் மாமா.

கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகு வரை ஓட்டியவர். இப்போது முழங்கால் வலி, கரையோடு சரி. கொரியத் தளபதி யி சுன்-சின் பற்றிய 'தி அட்மிரல்: ரோரிங் கரண்ட்ஸ்' (2014) படத்தை அவர் வீட்டு டிவியில் போட்டேன். 1597இல் மியோங்னியாங் நீரிணையில் நடந்த சண்டை. படத்தில் கொரியர்களிடம் 12 கப்பல், எதிரே ஜப்பானியர்களிடம் 300க்கும் மேல். கொரியாவில் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம் இது.

முதல் பாதி முழுக்கப் பேச்சு. மாமா அரைத்தூக்கம். சண்டை தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற கப்பல்கள் பின்னால் தயங்க, தளபதியின் கப்பல் மட்டும் தனியாக நிற்கும் கட்டம். "சும்மா நிக்கலடா அவன். தண்ணி மாறட்டும்னு நிக்கிறான்" என்றார். கதையை நான் சொல்லியிருக்கவே இல்லை. நீரோட்டம் திரும்பி ஜப்பானியக் கப்பல்கள் தடுமாறியபோது தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம், சுழலில் சிக்கிய தளபதி கப்பலை ஊர்க்காரர்கள் சின்னப் படகுகளில் வந்து கொக்கி போட்டு இழுப்பார்கள். அங்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாட்டிக்கிட்டா கரையில இருக்கிறவன்தான் போவணும்" என்றார்.

அடுத்து ஹாங்காங் இயக்குநர் ஜான் வூவின் 'ரெட் கிளிஃப்'. கி.பி. 208இல் சீனாவின் யாங்சி ஆற்றில் நடந்த போர். வடக்கிலிருந்து படையெடுத்து வந்த சாவ் சாவ், தன் கப்பல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறான்; அவற்றைக் கொளுத்த வேண்டும். அதற்குத் தென்கிழக்குக் காற்று வர வேண்டும். "வாடை மாறாம கொளுத்துனா நெருப்பு நம்ம மேலதான் வரும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். பார்ப்பதாக இருந்தால் இரண்டு பாகமாக வந்ததையே பாருங்கள். வெளிநாடுகளுக்காக ஒரே படமாகச் சுருக்கியதில் அந்தக் காத்திருப்பின் கனம் இல்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரான்' (1985) வேறு ரகம். கோட்டைத் தாக்குதலில் கூச்சல், குதிரைக் குளம்பு எதுவும் கேட்காது, இசை மட்டும்தான். ஒரு துப்பாக்கி வெடித்த பிறகே சத்தம் திரும்பும். "இது சாவு வீடுடா" என்று மாமா எழுந்து போய்விட்டார். நான் பார்த்ததிலேயே பெரிய போர்ப் படம் அதுதான்.

காற்றும் தண்ணீரும் நிலமும் போரில் என்ன செய்கின்றன என்று காட்டாததுதான் நம் சரித்திரப் படங்களில் எனக்குள்ள மனக்குறை. இரண்டு கூட்டம் ஓடிவந்து மோதும். ஆறு எங்கே, மேடு யார் கையில், வெயில் யார் கண்ணில் அடிக்கிறது, ஒன்றும் தெரியாது. இத்தனைக்கும் எங்கள் கடலூர்க் கடலிலேயே ஒரு போர் நடந்திருக்கிறது. 1783 ஜூன் 20. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 15 போர்க்கப்பல், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18. பீரங்கிக்கு ஆள் போதாமல் சுஃப்ரேன் கரையிலிருந்து 1,200 பேரை ஏற்றிக்கொண்டார். காற்று ஒத்துவராமல் சில நாள் இழுத்தடித்துத்தான் சண்டையே மூண்டது. கடைசியில் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே முதற்கட்ட அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சேதி மட்டும் இங்கே வரவில்லை!

இதைச் சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி, எந்த மாசம் என்பது. ஆனி என்றேன். "காலையில மேக்காத்து, உச்சிக்கு மேல கடக்காத்து கெளம்பிடும். அதுக்குள்ள அடிச்சிருக்கணும்" என்று அவரே ஒரு போர்த்திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

கடல் போரை நன்றாகக் காட்டிய தாய்லாந்து, வியட்நாம் படங்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும்.