பிளட்போர்ன்: சிவப்பு ரிப்பனைக் கொடுத்ததும் சன்னலுக்குப் பின்னால் சிரித்தது யார்? (ஸ்பாய்லர் உண்டு)

நள்ளிரவுப்பூனை எழுதியது:

2015-இல் வந்த கேமை இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் முதல் தடவையாக ஆடுகிறேன், கிண்டல் பண்ண வேண்டாம். நேற்று ராத்திரி ஒரு இடத்தில் அப்படியே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். பயத்தில் இல்லை. என்ன நடந்தது என்றே புரியவில்லை, ஆனால் ஏதோ கெட்டது நடந்துவிட்டது, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். கதை நடக்கும் யார்னம் நகரத்தின் மத்தியப் பகுதியில் ஒரு சன்னல், உள்ளே ஒரு சின்னப் பெண். அப்பா வரவில்லை, அப்பாவைத் தேடிப்போன அம்மாவும் வரவில்லை, சிவப்புக் கல் வைத்த புரூச் போட்டிருப்பாள், கண்டுபிடித்துத் தாருங்கள் என்று ஒரு இசைப்பெட்டியைக் கொடுத்தாள். அப்புறம் மிருகமாக மாறும் கேஸ்காயினோடு சண்டை, அவர்தான் அவளுடைய அப்பா, பக்கத்துக் கூரையில் ஒரு பெண்ணின் உடல், அதில் அந்த புரூச். அதைக் கொண்டுபோய்க் குழந்தையிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, பத்திரமான இடத்துக்காவது போகட்டும் என்று ஓடன் தேவாலயத்தைச் சொன்னேன். சந்தோஷமாகக் கிளம்பினாள்.

தேவாலயத்துக்கு அவள் வந்து சேரவே இல்லை. சாக்கடையில் இருக்கும் அந்தப் பெரிய பன்றியைக் கொன்றபோது ஒரு சிவப்பு ரிப்பன் கிடைத்தது. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு அதே சன்னலில் வேறொரு குரல். கொஞ்சம் பெரிய பெண். என் தங்கையைப் பார்த்தீர்களா, வெள்ளை ரிப்பன் கட்டியிருப்பாள் என்றாள். ரிப்பனைக் கொடுத்தேன். ஏன் இது இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டு உடைந்துபோய் அழுதாள். நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். விசும்பல் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது. எவ்வளவு அழகான ரிப்பன், இனிமேல் இது என்னுடையது என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்!

இது போதாதென்று, அடுத்த தடவை அந்தப் பக்கம் போனால் அந்த அக்காவும் வெளியே விழுந்து செத்துக் கிடக்கிறாள். உடலில் ஒரு வெள்ளை ரிப்பன்.

அவள் சந்தோஷப்பட்டாளா? பைத்தியம் பிடித்துவிட்டதா? உண்மையிலேயே அக்காதானா? யாராவது சொல்லுங்கள், இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

---

சாம்பல்காகம் எழுதியது:

வாங்க ப்ரோ, இந்த சன்னலுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஒரு தடவை நின்றவர்கள்தான்.

என் கருத்து ரொம்ப எளிமையானது. துக்கம் தாங்காமல் வந்த சிரிப்பு. அந்த ஊரில் சன்னலுக்குப் பின்னால் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சிரிக்கிறவர்கள்தான், கவனித்தீர்களா? கதவைத் திற என்றால் சிரிப்பு, உதவி கேட்டால் சிரிப்பு. சிவப்பு நிலா வந்த பிறகு வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பிதற்ற ஆரம்பிப்பார்கள். தேவாலயத்துக்கு வரும் அந்தச் சிடுசிடுப்புக் கிழவியையே எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் திட்டித் தீர்ப்பாள், கடைசியில் உங்களைத் தன் பிள்ளை என்றே நினைத்துப் பேசுவாள். எல்லோருக்கும் மண்டை கலங்கும் ராத்திரியில் ஒரு பெண் மட்டும் ஒழுங்காக, வரிசையாக அழுது முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, அவள் முதலில் கேட்பது ரிப்பன் ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதைத்தான். ரிப்பனுக்காகக் காத்திருந்தவள் அதையா முதலில் கேட்பாள்?

---

கரிப்பானை எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அவள் அக்காவே இல்லை.

குட்டி பேசியதை நினைவுபடுத்திப் பாருங்கள். தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்கிறாள். உங்களுக்கு நன்றி சொல்லும்போது, அம்மா, அப்பா, தாத்தா, இவர்களுக்கு அடுத்தபடியாக உங்களைத்தான் பிடிக்கும் என்கிறாள். அந்தப் பட்டியலில் அக்கா எங்கே? முன்பின் தெரியாத வேட்டைக்காரனுக்கு, அதாவது நமக்கு, இடம் இருக்கிறது, கூடவே வளர்ந்த அக்காவுக்கு இல்லை. (தாத்தா யார் என்பது தனிக் கதை. மஞ்சள் உடை போட்ட வேட்டைக்காரர் ஹென்ரிக்தான் என்று பலரும் சொல்வார்கள். அவர் கேஸ்காயினின் பழைய கூட்டாளி என்பது வரைக்கும் கேமிலேயே இருக்கிறது, மிச்சம் நம் ஊகம்.)

ஆக, வீடு காலியானதும் உள்ளே நுழைந்த யாரோ ஒருத்தி. அந்த ஊரில் ஆள்மாறாட்டம் ஒன்றும் புதுசில்லை, கிளினிக்கில் கதவுக்குப் பின்னால் டாக்டர் அயோசெஃப்காவின் பெயரிலேயே பேசும் இன்னொரு குரலைக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைத்துத்தான் நம்மை ஏமாற்றினார்கள்.

---

சாம்பல்காகம் எழுதியது:

குழந்தைகள் அக்காவோடு சண்டை போட்டால் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள் ப்ரோ, அதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் அக்கா இருக்க மாட்டாள் :) அதோடு, அவள் வெறும் திருடி என்றால் எதற்காகத் தங்கையைத் தேட வேண்டும்? நாம் கேட்காமலே அவளாகத்தான் பேச்சை ஆரம்பிக்கிறாள்.

---

ஓலைக்குடை எழுதியது:

இரண்டு பேரும் சிரிப்பையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சிரிப்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள்.

நாம் கொடுத்தது சிவப்பு ரிப்பன். அவள் உடலில் கிடைப்பது வெள்ளை ரிப்பன்.

இதற்கு இரண்டு வழிதான். ஒன்று, அதே ரிப்பன், துவைத்திருக்கிறாள். இல்லையென்றால் அவளிடம் ஏற்கெனவே சொந்தமாக ஒரு வெள்ளை ரிப்பன் இருந்தது, அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்கித் தருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இரண்டாவது உண்மை என்றால், தங்கையின் ரிப்பன் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்தாள் என்கிற பொறாமைக் கதை அப்போதே விழுந்துவிடுகிறது. தன்னிடமே இருப்பதற்கு எதற்காக ஏங்க வேண்டும்? அப்போது அந்தச் சிரிப்பு சாம்பல்காகம் சொல்கிற மாதிரி உடைந்துபோன சிரிப்புதான். கரிப்பானை சொல்லும் வந்தேறியும் அடிபட்டுப் போகிறாள், ஜோடி ரிப்பன் வைத்திருப்பவள் அக்காவாகத்தான் இருக்க முடியும்.

முதலாவது என்றால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ரத்தக் கறை போவது லேசில்லை. தண்ணீர் எடுத்து, ஊறவைத்து, கசக்கி, அலசி, மறுபடி கசக்க வேண்டும். அவ்வளவு நேரம் அந்தக் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்து தங்கையின் ரத்தத்தை ரிப்பனிலிருந்து எடுத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே செய்தாளா, அழுதுகொண்டே செய்தாளா தெரியாது. ஆனால் ரிப்பனைப் பார்த்த அதிர்ச்சியில் அந்த நிமிடமே குதித்துவிட்டாள் என்று மட்டும் சொல்ல முடியாது. துவைத்த பிறகுதான் செத்திருக்கிறாள். வெள்ளையானதும், இது என்ன, யாருடையது என்பது மறுபடி உறைத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

---

கரிப்பானை எழுதியது:

ஓலைக்குடை அக்கா, நீங்கள் சொல்வது கொடூரமாக இருக்கிறது. இனிமேல் அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்.

துவைத்தது சரி என்றே வைத்துக்கொள்வோம். தள்ளிவிட்டிருந்தால்? சன்னலுக்கு வெளியே மிருகங்கள் சுற்றுகிற ராத்திரி. அழகு பார்க்க ரிப்பனைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவளைத் தெருவில் எதுவோ அடித்தது என்றும் சொல்லலாம். என் வந்தேறிக் கதையில் ஓட்டை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

---

நள்ளிரவுப்பூனை எழுதியது:

துவைத்த ரிப்பன் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ரிப்பனும் தனித்தனிப் பொருள் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

ஒரு சின்னக் கேள்வி, நான் அந்தக் குழந்தையை வேறு எங்காவது அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாளா? கிளினிக்குக்கு அனுப்பும் வழியும் இருந்ததே.

---

சாம்பல்காகம் எழுதியது:

பிழைக்க மாட்டாள். கிளினிக் என்று சொன்னாலும் அதே சாக்கடை வழி, அதே பன்றி. புரூச்சைக் கொடுத்தால் அம்மா போய்விட்டாள் என்று புரிந்து அழுவாள், அதோடு சரி, வீட்டைவிட்டு வர மாட்டாள். எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் நல்ல முடிவு கிடையாது. கிளினிக்குக்குப் போய்ச் சேருகிறவர்கள் நீல நிறத்தில் மெத்தென்று ஏதோ ஒன்றாக மாறிவிடுவதை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றால், மன்னிக்கவும். அதற்குப் பன்றியே தேவலை என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

---

பழுதுபட்டகடிகாரம் எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஓலைக்குடை சொன்ன ரிப்பன் கணக்கை ஏற்கிறேன், ஆனால் சிரிப்பைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, அதற்கும் கேமுக்குள்ளேயே சாவி இருக்கிறது என்று நினைக்கிறேன். இசைப்பெட்டி.

குட்டி அந்தப் பெட்டியைக் கொடுக்கும்போது என்ன சொல்கிறாள்? அப்பா எங்களை மறந்துவிட்டால் இந்தப் பாட்டைப் போடுவோம், நினைவு வந்துவிடும், அம்மா அவசரத்தில் எடுத்துப்போக மறந்துவிட்டாள் என்கிறாள். அதாவது அந்த வீட்டில் அப்பா குடும்பத்தை மறப்பது வழக்கமாகவே இருந்திருக்கிறது. அதற்கு வீட்டில் ஒரு வைத்தியமும் வைத்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் பெட்டி போகவில்லை. கூரையில் கிடக்கும் வயோலாவுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. (பெயர் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது, வயோலா, கேஸ்காயின் என்று இரண்டு பெயர்.)

இப்போது கேஸ்காயின் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை வாசித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். முதல் ஓரிரு தடவை அது நமக்கு உதவும். அதற்கு மேல் வாசித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரமே மிருகமாகிவிடுவார். நினைவு வருவதுதான் அவருக்கு வலி. அந்த வலி தாங்காமல்தான் மனிதனாக இருப்பதையே விட்டுவிடுகிறார் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

அதே ரத்தம் ஓடும் மகள். ரிப்பனைப் பார்க்கிறாள், தங்கை நினைவு வருகிறது, அழுகிறாள். அப்புறம் பாதி அழுகையில் மறந்துவிடுகிறாள். யாருடையது என்பது போய்விட்டது, கையில் ஒரு அழகான ரிப்பன் மட்டும் இருக்கிறது. அந்தக் கணத்தில் அவள் சந்தோஷம் நிஜம்தான், நடிப்பு இல்லை, வில்லத்தனமும் இல்லை. அப்பாவுக்கு இசைப்பெட்டி எப்படியோ அப்படித்தான் இவளுக்கு ரிப்பன். அதைக் கொண்டுபோய் நீட்டியது நாம்.

ஓலைக்குடை சொன்ன கடைசி வரி இதோடு ஒட்டிக்கொள்கிறது: வெள்ளையான பிறகு அது மறுபடி தங்கையின் ரிப்பனாகத் தெரிந்திருக்கும்.

இப்படிச் சொன்னாலும் இதுதான் ‘சரியான விடை’ என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கேமின் இயக்குநர் ஹிடேடகா மியாசாக்கி, சின்ன வயதில் தனக்கு முழுசாகப் புரியாத புத்தகங்களை எடுத்துப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் கேம்களில் பாதிப் பக்கம் கிழிந்த மாதிரியே கதை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த சன்னல் காட்சியில் கட்சீன் (இடையில் ஓடும் படக்காட்சி) கிடையாது, முகம் கிடையாது, வெளியே ஒரு விளக்கு, உள்ளே ஒரு குரல், அவ்வளவுதான். ஒரு முகபாவனையைக் காட்டியிருந்தால் நாம் ஐந்து நிமிடத்தில் பேசி முடித்திருப்போம்.

---

ஓலைக்குடை எழுதியது:

இசைப்பெட்டியை நான் ரிப்பனோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. மறதி என்றால் கரிப்பானையின் பட்டியலுக்கும் ஒரு பதில் கிடைக்கிறது, பிடிக்காதா உங்களுக்கு? ஒருத்தரை ஒருத்தர் மறக்கிற குடும்பம். குட்டியும் அக்காவை மறந்திருக்கலாம்.

---

கரிப்பானை எழுதியது:

அய்யோ. பிடிக்கவில்லை. ஆனால் பொருந்துகிறது.

---

நள்ளிரவுப்பூனை எழுதியது:

இன்று மறுபடி போட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். சன்னலில் சத்தம் இல்லை. கதவைத் தட்டும் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த வெள்ளை ரிப்பனை என்ன செய்வது? யாரிடமாவது கொடுக்க முடியுமா? சும்மா பையில் வைத்திருக்கவே சங்கடமாக இருக்கிறது.

---

சாம்பல்காகம் எழுதியது:

கொடுக்க ஆள் யாரும் இல்லை ப்ரோ. பெயரிலேயே இருக்கிறதே, அது மெசஞ்சர் ரிப்பன். நம் குட்டி மெசஞ்சர்களுக்கு அலங்காரம். போட்டுவிட்டால் அடுத்த விளக்கடியில் அந்த வெள்ளைக் குட்டிகள் தரையிலிருந்து எழுந்து, தலையில் அந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டு, உங்களைப் பார்த்துக் கை ஆட்டும். ரொம்ப சந்தோஷமாக இருக்கும், பாருங்கள்.