திருவருட்பா ஆறாம் திருமுறை வேதத்துக்கு மாறானதா? மாமனாருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: புதுமாப்பிள்ளை

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வள்ளலார் வழிச் சன்மார்க்கம். சாயங்காலம் விளக்கேற்றி அவருடைய அருட்பெருஞ்ஜோதி அகவல் படிப்போம், தைப்பூசத்துக்கு வடலூர் போவோம், அவ்வளவுதான். வாதம் செய்து பழக்கமில்லை. இப்போது பெண் எடுத்த இடம் ஊறிய சைவக் குடும்பம். மாமனார் சிவதீட்சை வாங்கியவர், மெய்கண்ட சாத்திரம் என்கிற சைவ சித்தாந்த நூல்கள் பதினான்கையும் முறையாகப் பாடம் கேட்டவர். கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே கேட்பார், அதுதான் கஷ்டம்.

அவர் கேட்பது இது. "வேதமொடு ஆகமம் மெய்யாம் இறைவன்நூல்" என்பது திருமந்திரம். உங்கள் வள்ளலாரோ திருவருட்பா ஆறாம் திருமுறையில் "வேதாகமங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர்" என்று தொடங்கி "என்ன பயனோ இவை" என்று முடிக்கிறார். அகவலில் "சாதியும் மதமும் சமயமும் பொய்யென" என்கிறார். அப்புறம் மரணமிலாப் பெருவாழ்வு என்று எந்த ஆகமத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறார். ஆனால் அதே மனிதர்தான் ஒற்றியூர்ச் சிவன் மேலும் கந்தகோட்டத்து முருகன் மேலும் உருகி உருகிப் பாடியிருக்கிறார். "மாப்பிள்ளை, இதில் எது உங்கள் வள்ளலார்?" என்கிறார்.

"ஞானிகள் அப்படித்தான் பேசுவார்கள் மாமா" என்று நழுவிப் பார்த்தேன். விடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜோதி அடியேன்

வாதமே வேண்டாம் தம்பி. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வள்ளல் பெருமான் உள்ளே நுழைந்ததும் அருட்பாச் சண்டையில் வழக்குப் போட்ட சைவ அறிஞர் ஆறுமுக நாவலரே எழுந்து கும்பிட்டார். வழக்கும் தள்ளுபடி. இதைச் சொல்லுங்கள், வாயடைத்துப் போவார்.

பதில்: பண் பழகுபவள்

தம்பி, அந்த மஞ்சக்குப்பம் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நாம் ஒரு மாதிரி சொல்கிறோம், நாவலர் பக்கத்தார் வேறு மாதிரி சொல்வார்கள். அவர் எழுந்தாரா உட்கார்ந்திருந்தாரா என்பதை வைத்து ஒரு பாட்டு வேதத்துக்கு ஒத்ததா மாறானதா என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாரக் கடைசியில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் பண்ணோடு சொல்லித் தருகிறேன். வீட்டில் அகவல் படிக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னை முழுசாக நம்புவதில்லை. உங்கள் மாமனார் மாதிரி ஆட்களோடு பேசிப் பேசியே பாதி வாழ்நாள் போயிற்று.

முதலில் ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-ல் வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் அச்சாயின. திருமுறை என்று பகுத்ததும் அவர்தான். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திருக்காப்பிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. ஐந்தாம் திருமுறை வந்தது 1880. ஆறாம் திருமுறை 1885. நாவலர் 1879-லேயே மறைந்துவிட்டார். ஆக, 'போலியருட்பா மறுப்பு' என்கிற நாவலர் பக்கத்துக் கண்டனம் கிளம்பியபோது, மாமனார் எடுத்துக்காட்டுகிற பாட்டுகள் அச்சிலேயே இல்லை. நாவலர் கையிலிருந்த நான்கு திருமுறைகளும் சிவனைப் போற்றுகிற பாட்டுகள், சுத்தச் சைவம். அவருடைய கோபம் வேறு. நேற்று இருந்த ஒருவர் பாட்டைத் தேவார திருவாசகத்துக்குச் சமமாக வைத்துக் கோயிலில் பாடலாமா என்பதுதான் அங்கே பெரிய வழக்கு. செத்தவர்களை எழுப்பப் போகிறார் என்று பரவிய பேச்சும் அவருக்குப் பிடிக்கவில்லை. "வேதத்தை நிந்தித்தார்" என்கிற இன்றைய குற்றச்சாட்டுக்கு நாவலர் பெயரை முட்டுக்கொடுப்பது பொருந்தாது.

இனி பாட்டுக்கு வருவோம். நம் ஆட்கள் இங்கே ஒரு வேலை செய்வார்கள். ஆறாம் திருமுறையையும் எப்படியாவது இழுத்துப் பிடித்துச் சைவத்தோடு பொருத்திக் காட்டுவார்கள். "அவர் வேதத்தைச் சொல்லவில்லை, போலி வேதியரைத்தான் சொன்னார்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. 1873 அக்டோபர் 22-ல் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிவிட்டு அவர் செய்த பேருபதேசத்தைப் படியுங்கள். வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம், தெய்வத்தை இன்னபடி என்று வெளிப்படச் சொல்லாமல் மண்ணைப் போட்டு மறைத்துவிட்டார்கள் என்று பளிச்சென்று சொல்கிறார். போலி வேதியர் என்கிற சந்து அங்கே இல்லை. அதே பேச்சில் தம்மையும் விடவில்லை. சைவத்தில் தாம் வைத்திருந்த பற்றுக்கு அளவே இல்லை, அதற்குத் திருவருட்பாத் தோத்திரங்களே சாட்சி, அப்போது தமக்கு அற்ப அறிவாக இருந்தது என்கிறார்.

மாமனார் "எது உங்கள் வள்ளலார்" என்று கேட்டாரே, அதற்குப் பதிலை வள்ளலாரே அவருக்கு முன்னால் சொல்லி வைத்துவிட்டார். முன்பு அப்படி இருந்தேன், இப்போது இப்படி என்று ஊர் கூட்டி வைத்துச் சொன்ன ஒருவரைப் பார்த்து "முன்னுக்குப் பின் முரண்" என்று கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

அதற்காக வேதாகமத்தை அவர் குப்பையில் போட்டார் என்றும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அகவல் 1872-ல் எழுதியது, 1596 அடி. அதன் தொடக்கமே "ஆகம முடிமேல் ஆரண முடிமேல் ஆகநின் றோங்கிய அருட்பெருஞ் ஜோதி". ஆகமத்துக்கும் வேதத்துக்கும் முடி உண்டு, அதன் மேல் நிற்கிறது ஜோதி. கொஞ்சம் தள்ளி "வேதாகமங்களின் விளைவுகட் கெல்லாம் ஆதாரமாம் சபை" என்கிறார். மாமனார் சொன்ன வெண்பாவிலும் இரண்டாம் அடி "வேதாகமத்தின் விளைவறியீர்" என்பதுதான். தைப்பூசத்தில் கையில் திணிக்கிறார்களே துண்டுப் பிரசுரம், அதில் அந்த அடி வராது. திட்டுகிறவர்களும் அதை விட்டுவிடுகிறார்கள். விளைவு உண்டு, நூல் அதைத் திறந்து காட்டவில்லை, நீங்களோ நூலைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள் என்பதுதான் அந்த வெண்பாவின் முழுப் பேச்சு.

அப்புறம், இந்தக் குரல் வடலூரில் புதிதாக முளைத்ததா? பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருகிற அப்பர் பதிகத்தில் "வேதம் ஓதிலென் வேள்விகள் செய்யிலென்" என்று இருக்கிறது. "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்பதும் அப்பர்தான். போற்றித் திருவகவலில் மணிவாசகர், சமயவாதிகள் தத்தம் மதங்களே அமைவதாக அரற்றி மலைந்தார்கள் என்கிறார். மாமனார் தினமும் ஓதுகிற பன்னிரு திருமுறைக்குள்ளேயே இவ்வளவு இருக்கிறது.

சாகாக்கலைக்கும், அதாவது அந்த மரணமிலாப் பெருவாழ்வுக்கும், இதே கதைதான். சம்பந்தர் நல்லூர்ப்பெருமணத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்களோடு ஜோதியில் கலந்தார். சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலை போனார். யாருக்கும் சுடுகாடு இல்லை. "உடம்பார் அழியில் உயிரார் அழிவர்" என்றவர் திருமூலர். அடியார்களுக்கு நடந்ததைப் பெரியபுராணமாகப் படித்தால் கண்ணீர், எல்லாருக்கும் நடக்கலாம் என்று ஒருவர் சொன்னால் ஆகம விரோதமா?

பதில்: சிவஞானபோத மாணவன்

அம்மா, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நாவலர் காலக் கணக்கை நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் அப்பரைச் சாட்சிக்குக் கூப்பிட்டது சரியில்லை. "வேதம் ஓதிலென்" என்ற பாட்டு "ஈசனை உள்குவார்க் கன்றி இல்லையே" என்று முடிகிறது. ஈசனை நினையாமல் ஓதினால் பயனில்லை என்பதுதான் சங்கதி. வேதம் மண்ணைப் போட்டு மறைத்தது என்று அப்பர் எங்கே சொன்னார்? "வேதியா வேத கீதா" என்று இறைவனையே வேதத்தின் பெயரால் கூப்பிட்டவர் அவர். மணிவாசகர் சமயவாதிகளைச் சாடியதும் சைவத்துக்குள் நின்றுகொண்டுதான்.

இன்னொன்று. எழுதியவரே பின்னால் "அற்ப அறிவு" என்று தள்ளிவிட்ட பாட்டுகளை, நீங்கள் எந்த முகத்தோடு அருட்பா என்று அச்சடித்துப் பாராயணம் செய்கிறீர்கள்? ஐந்து திருமுறையையும் விட்டுவிடுங்கள், இல்லை ஆறாவதை விட்டுவிடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் சிக்கல் வள்ளலாருக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

பதில்: பண் பழகுபவள்

தம்பி, நல்ல கேள்வி. அப்பரும் வள்ளலாரும் சொன்னது ஒன்றே என்று நான் எழுதவில்லை. அப்பர் போன தூரத்துக்கு மேலே வள்ளலார் போனார், சைவத்தின் எல்லையைத் தாண்டியே போனார். அதை ஒளிக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அப்பரை நான் கூப்பிட்டது ஒரே ஒரு காரியத்துக்கு. நூலைக் காட்டிலும் இறைவன் பெரியவன் என்று அடித்துச் சொல்வது நிந்தனை ஆகாது என்பதற்கு. அதில் நீங்களும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் அற்ப அறிவு என்றது அந்தச் சமயப் பற்றை. அந்தப் பற்றிலிருந்து தம்மை ஏறாநிலைமிசை ஏற்றிவிட்டது எது என்று அதே பேச்சில் சொல்கிறார், தயவு என்கிறார். அந்தத் தயவைத் தேடிப் பாருங்கள், முன்னும் பின்னும் அறுபடாமல் இருக்கும். 1854-ல் அவர் எழுதிய உரைநடை 'மனுமுறை கண்ட வாசகம்'. பெரியபுராணக் கதை, கன்றுக்குட்டி செத்ததற்கு மகனைத் தேர்க்காலில் இடுகிற சோழன். அதில் அரசன் புலம்புகிற புலம்பலைப் படித்துவிட்டு, ஆறாம் திருமுறையில் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்பதைப் படியுங்கள். ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார் என்று குழந்தைக்கும் தெரியும். முதல் நான்கு திருமுறை அச்சான அதே 1867-ல்தான் வடலூரில் தருமச்சாலை அடுப்பைப் பற்ற வைத்தார். அடுப்பு இன்னும் எரிகிறது. சைவத்தில் இருந்தபோதும் சோறு போட்டார், தாண்டிய பிறகும் சோறு போட்டார்.

எதை விடுவது என்றால், நான் எதையும் விடப் போவதில்லை. ஏணியில் ஏறியவர் கீழ்ப்படியை உதைத்துத் தள்ளவில்லை, ஏறவேண்டிய எனக்கு அது வேண்டும். வகுப்பில் "வான்கலந்த மாணிக்க வாசக" என்று அவருடைய ஐந்தாம் திருமுறைப் பாட்டையும் திருவாசகத்தோடு சேர்த்துத்தான் சொல்லித் தருகிறேன். ஒரு பெற்றோர் முகம் சுளித்தார். அடுத்த வாரமும் பிள்ளையை அனுப்பினார்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சுக்குப் போகும் சமயத்தில், தம் பெயரை இராமலிங்கசாமி என்று போடுவது தமக்குச் சம்மதம் இல்லை, ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதித் தடுத்தவர் அவர். புத்தகத்துக்கு மேல் என்ன பெயர் இருக்கிறது என்பதற்காக நான் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். நாவலர் மல்லுக்கட்டினார், கட்டட்டும்.

ஒன்று கேட்டுவிடுகிறேன். ஆகமம் மெய் என்ற அதே திருமூலர், நடமாடக் கோயில் நம்பர்க்கு, அதாவது நடமாடும் கோயிலான அடியாருக்கு, ஒன்று கொடுத்தால் அது படமாடக் கோயில் பகவற்குப் போய்ச் சேரும், கோயில் சாமிக்குக் கொடுத்தது அடியாருக்கு வந்து சேராது என்றும் சொன்னாரே. இந்த இரண்டையும் நீங்கள் எப்படிச் சேர்த்துப் படிக்கிறீர்கள்? அப்படியே வள்ளலாரையும் படித்துப் பாருங்கள்.

பதில்: கடலூர்க்காரன்

இது வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைக்காதீர்கள். வள்ளலார் கட்டிய வடலூர் ஞானசபைக்குள் சிவலிங்கம் வைத்து வைதிக முறையில் பூசை நடந்தது. 1872-ல் அவர் எழுதி வைத்த வழிபாட்டு விதிக்கு அது மாறானது என்று அறநிலையத் துறை உத்தரவு போட்டது, 2010-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அம்மா சொல்கிற மாதிரி எதை எப்போது எழுதினார் என்று பார்த்தால்தான் இதெல்லாம் புரியும். முதல் நான்கு திருமுறையை மட்டும் வைத்துக்கொண்டால் லிங்கம் சரி என்றுதான் தோன்றும்.

பதில்: புதுமாப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் பேசினேன். நாவலர் 1879, ஆறாம் திருமுறை 1885 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, அது நாவலர் கணக்கு. என் கணக்கு அப்படியே இருக்கிறது" என்றார். பேருபதேசத்தில் அவரே சொல்லியிருக்கிறார் என்றதைத்தான் நம்பவில்லை. "தம் பாட்டையே அற்ப அறிவு என்று ஒருவர் சொல்வாரா? முழுசாகப் படிக்காமல் பேச மாட்டேன், கொண்டு வாருங்கள்" என்கிறார். எங்கள் வீட்டில் இருப்பது கிழிந்துபோன பழைய திரட்டு, எது முன்னால் எது பின்னால் என்று ஒன்றும் புரியாது. எந்தப் பதிப்பு வாங்கலாம் அம்மா?

பதில்: பண் பழகுபவள்

பாட்டுக்கு ஊரன் அடிகள் பதிப்பு, 1972-ல் முதலில் வந்தது. பாடிய கால வரிசையில் அடுக்கியிருப்பார், மாமனாருக்கு அதுதான் வேண்டும். பேருபதேசம் உரைநடைப் பகுதியில் இருக்கும், தனிச் சிறு நூலாகவும் கிடைக்கும், வடலூரில் கேளுங்கள். மனுமுறை கண்ட வாசகத்தையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள், சைவருக்கு அதில் ஒரு வரிகூட உறுத்தாது.