சூடாற்றி, தன்னாறி: கையேட்டுச் சொற்கள் பற்றி

வணக்கம். கணினி கோர்ப்பது பற்றி நாம் எழுதும் தமிழ்க் கையேட்டின் சொற்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இது என் பதில். ஹீட்சிங்க் என்பது புராசசரின் (கணினியின் மூளையான சில்லின்) சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகக் கட்டை. பேசிவ் கூலிங் என்பது விசிறி இல்லாமலே சூட்டைத் தணிப்பது.

> ஹீட்சிங்க் என்பதற்கு ‘வெப்ப உறிஞ்சி’, பேசிவ் கூலிங் என்பதற்கு ‘செயலற்ற குளிர்விப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. கிருஷ்ணகிரியில் எங்கள் தெரு இரவு பத்து மணிக்கு அடங்கிவிடும். அதற்கப்புறம் வீட்டில் கேட்பது பழைய கணினியின் இரைச்சல் ஒன்றுதான். அவள் படிக்கும் அறையிலேயே நானும் வேலை பார்க்க வேண்டியிருப்பதால், சத்தமே இல்லாத ஒன்றை நானே கோர்க்கலாம் என்று இறங்கினேன். 35 வாட் புராசசர், சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம், விசிறி இல்லாத பவர் சப்ளை. புராசசரின் தலையில் தகடு தகடாக அடுக்கிய பெரிய அலுமினியக் கட்டை, அதாவது ஹீட்சிங்க். பெட்டியை மூடப் போகும்போது அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: “ஃபேனே இல்லையே, இது எப்படிடா ஆறும்?”

நாம் இத்தனை நாள் தேடிய சொல் அதுதான்: ‘ஆறும்’.

குளிர்தல் வேறு, ஆறுதல் வேறு. ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் குளிர்கிறது. சுற்றியிருக்கும் காற்றைவிடக் கீழே போகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பால் ஆறுகிறது. அறையின் சூடு எவ்வளவோ அதை நெருங்கி நின்றுவிடும். கணினிக்குள் நடப்பது இரண்டாவது. எங்கள் ஊர் ஏப்ரல் மதியத்தில் அறை 37 டிகிரி இருந்தால், எவ்வளவு பெரிய கட்டை வைத்தாலும், எத்தனை விசிறி போட்டாலும், புராசசர் அதற்குக் கீழே இறங்காது. ‘குளிர்விப்பு’ என்று எழுதினால் படிப்பவர் நடக்காத ஒன்றை எதிர்பார்ப்பார்.

‘உறிஞ்சி’ அதைவிடப் பிசகு. சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது அந்தக் கட்டையின் வேலை இல்லை. வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சற்று நேரத்தில் அதுவும் கொதித்துவிடும். அதற்காகத்தான் தகடுகள். டீக்கடைக்காரர் கையை உயர்த்தி நீளமாக ஆற்றும்போது டீ மெல்லிய தாரையாகி நிறைய காற்றைத் தொடுகிறது அல்லவா? தகடுகள் உலோகத்துக்கு அதையே செய்கின்றன: பரப்பைக் கூட்டிக் காற்றைத் தொடவைக்கின்றன. ஆகவே ஹீட்சிங்க் = சூடாற்றி.

> ‘வெப்பம்’ என்ற பாடநூல் சொல்லை விட்டு ‘சூடு’ எதற்கு?

வெப்பம் + ஆற்றி புணர்ந்தால் ‘வெப்பமாற்றி’. அந்தச் சொல் ‘வெப்ப மாற்றி’ என்ற பொருளில் ஏற்கெனவே ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு, அதாவது ஒரு திரவம் அல்லது வாயுவின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவிக்கு, புழங்குகிறது. வெப்பம், வெப்பநிலை எல்லாம் அளவுகளுக்கு இருக்கட்டும். கையில் எடுத்துத் திருகு முடுக்கும் பொருளுக்குச் சூடு போதும்.

பேசிவ் (விசிறி இல்லாமல்), ஆக்டிவ் (விசிறி வைத்து) என்ற பிரிவைப் பார்த்தால், நம் மொழி அதை வினைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. ஆறுவது தன்வினை, ஆற்றுவது பிறவினை. விசிறி ஊதி ஆற்றினால் விசிறியாற்றல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ‘ஆற்றல்’ எனர்ஜி ஆகிவிடுகிறது, அதனால் ‘விசிறியாற்று முறை’. விசிறி இல்லாமல் தானாக ஆறினால் ‘தன்னாறு முறை’, அப்படிப்பட்ட கணினி ‘தன்னாறி’. ‘செயலற்ற’ என்று எழுதினால் கெட்டுப்போன சாமான் போலத் தெரிகிறது. தன்னாறியில் நிறைய நடக்கிறது: தகடுகளுக்கு நடுவே சூடான காற்று மேலே எழ, கீழிருந்து புதுக் காற்று தானாக உள்ளே வருகிறது. அதனால்தான் தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி வைக்க வேண்டும், பெட்டியின் மேல்பக்கத்தை அடைக்கக் கூடாது. கையேட்டில் இந்த இடத்தில் படம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

‘ஆறிப்போனது’ என்றால் சுவை போனது என்ற பொருளும் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். சோற்றுக்கு அது குறை. புராசசர் ஆறிப்போனால் நமக்கு நல்லதுதானே.

65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள புராசசரை வைப்பவர்களுக்கு விசிறியாற்று முறையே சரி. 120 மி.மீ. விசிறியாகப் பார்த்து மெதுவாக ஓடவிட வேண்டும். சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுழன்றாக வேண்டும், அதுதான் இரைச்சல்.

இன்னொரு சொல்லையும் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். தெர்மல் பேஸ்ட்டுக்கு ‘வெப்பப் பசை’ என்று போட்டிருக்கிறோம். அது ஒட்டுவதற்கு அல்ல. புராசசருக்கும் சூடாற்றிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை வெளியேற்றி, அந்த இடத்தை நிரப்புவதற்கு. இறுக்கிப் பிடிப்பது திருகுதான். ‘வெப்பக் களிம்பு’ என்று போடுவோம். பசை என்று படித்துவிட்டு, முதல்முறை கோர்க்கும் பிள்ளைகள் யாராவது நாலு திருகில் இரண்டை மட்டும் முடுக்கி, மீதியைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக்கூடும்.